காலணி இருப்பு போதுமானது

வெஸ்ட் வின்ட்சர், நியூ ஜெர்சி
19 ஜனவரி 2025

கர்த்தருக்குள் பிரியமான அண்ணனுக்கு,

ஜெயா எழுதுகிறேன், ஸ்தோத்திரம். தேவ கிருபையால் இங்கே சுகம். மைனிக்கு முழங்கால் வலி தேவலையா? உங்களுக்குப் புது காது மிஷின் வந்ததா? போனில் நான் கத்த, நீங்கள் "என்னது, என்னது" என்று கேட்க, கடைசியில் மகள் ஜோவானா வந்து போனைப் பிடுங்கிக்கொள்வதை விட இந்தக் கடிதமே மேல்.

சுபினைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். படிப்பு நன்றாகப் போகிறது. அமெரிக்கா சுதந்திரம் வாங்கிய புதிதில் அதன் ராணுவத்துக்குச் சாப்பாடும் துணியும் பூட்ஸும் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பதுதான் ஆராய்ச்சி. உங்கள் லைன்தான் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கடிதங்களைப் படிப்பதற்காக பிலடெல்பியாவில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். மார்ச் வரை போனை அணைத்து வைத்திருப்பானாம். அதனால் நீங்கள் யாரும் கூப்பிட வேண்டாம். அவனுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

மைனிக்கும் ஜோவானா வீட்டாருக்கும் என் விசாரிப்பு.

அன்புத் தங்கை,
ஜெயகுமாரி


சான் அன்டோனியோ, டெக்சாஸ்
26 ஜனவரி 2025

அம்மா,

நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா? தமிழ் ஸ்கூல்ல லெட்டரை இப்படித்தான் ஆரம்பிக்கச் சொல்லிக் கொடுத்தாங்க. தமிழ்ல எழுதறது ஏன்னா, தமிழ்ல பேசினா உங்களுக்குக் கோபம் கொஞ்சம் கம்மியாகும்.

வந்த அன்னிக்கே போனை வாங்கி வச்சுட்டாங்க. ஏழரை வாரம் ட்ரெய்னிங். லெட்டர் மட்டும்தான். காலைல நாலே முக்காலுக்கு எழுப்பறாங்க. டி-ஷர்ட்டை ஆறு இன்ச்சா மடிக்கணும், ஒரு நூல் நீட்டினா எல்லாத்தையும் கீழ தள்ளிடுவாங்க. நான் நல்லா மடிக்கறேன். ட்ரெய்னிங் முடிஞ்சதும் இங்கேயே ஏர்ஃபோர்ஸ் சப்ளை வேலை கத்துக்கொடுப்பாங்க.

யுனிவர்சிட்டியை விட்டது உங்களுக்குப் பிடிக்கலன்னு தெரியும். நான் படிப்பு வராம ஓடி வரல அம்மா. ரெண்டு வருஷம், பூட்ஸ் வரலன்னு எழுதினவங்க லெட்டரை மட்டும் படிச்சேன். பூட்ஸை எடுத்துக் கொடுக்கற இடத்துல நிக்கணும்னு தோணுச்சு.

மார்ச் 6 வியாழக்கிழமை க்ராஜுவேஷன். விழா முடிஞ்சதும் நாங்க எல்லாரும் அட்டென்ஷன்ல நிப்போம். வீட்டு ஆளுங்க வந்து தோளைத் தொடணும். தொட்டாதான் அசையலாம், சிரிக்கலாம். அதுவரைக்கும் சிலை மாதிரி நிக்கணும். நீங்க வாங்க.

சுபின்


வெஸ்ட் வின்ட்சர்
3 பிப்ரவரி 2025

அன்பு மகன் சுபினுக்கு,

அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. வேளைக்குச் சாப்பிடு. இருமல் வந்தால் அங்கே மருந்து கேள், சும்மா இருக்காதே.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உறையின் மேல் அந்த முகாம் பெயரை முழுதாக எழுதியிருக்கிறாய். எதிர்வீட்டு ஆன்ட்டிதான் தங்கள் வீட்டில் மாறிப் போட்டதென்று கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏதோ விளம்பரம் என்று சொல்லிச் சமாளித்தேன். இனி வெறும் தபால் பெட்டி எண் மட்டும் எழுது.

உன் அப்பா ஒரு டாக்டர். அவர் இறந்தபின் ஆறு வருஷமாக நான் தனியாக நின்று உன்னைப் படிக்க வைத்தேன். சர்ச்சில் எல்லோரும் சுபின் பிஎச்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாலு பேர் கேட்டால் நான் என்ன சொல்வேன்? ராணுவம் என்றாலும் ஆபீசர் இல்லை. விமானம் ஓட்டுகிறான் என்றாவது சொல்லலாம், அதுவும் இல்லை. ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. அதற்கா இத்தனை படிப்பு?

காப்பெல் மாமாவுக்கு எழுதிவிடாதே. அவருக்கு நீ பிலடெல்பியாவில் இருக்கிறாய்.

மார்ச்சுக்கு இன்னும் நாள் இருக்கிறது, பார்க்கலாம்.

உன் அம்மா


காப்பெல், டெக்சாஸ்
8 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை ஜெயாவுக்கு,

அண்ணன் கிருபைராஜ் எழுதுவது. கர்த்தர் உன்னைக் காப்பாராக. மைனி முழங்காலில் ஊசி போட்டுக்கொண்டாள், சமையலறை வரை நடக்கிறாள். காது மிஷின் வந்தது. அதை மாட்டினால் ஃபிரிட்ஜ் சத்தம்தான் கேட்கிறது, மனிதர் சத்தம் கேட்கவில்லை.

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். முப்பத்திரண்டு வருஷம் நம் நாட்டு ராணுவக் கிடங்கில் பூட்ஸும் கம்பளியும் எடுத்துக் கொடுத்தேன். துப்பாக்கி பிடித்தவனுக்கு மாலை போட்டார்கள். எங்களைக் கண்டால் "ஸ்டோர்ஸ்காரன்" என்று ஒரு மாதிரி சிரிப்பார்கள். அந்த வேலையைப் பற்றி என் மருமகன் ஆராய்ச்சி செய்கிறான் என்றதும் அந்த வரியை மைனிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்.

சபையில் ஜெபக் குறிப்பு அட்டையில் அவன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். நாற்பது குடும்பமும் வாராவாரம் அவன் ஆராய்ச்சிக்காக ஜெபிக்கிறது. ஏப்ரல் மாதக் கூடுகையில் அவன் வந்து அரை மணி நேரம் பேச வேண்டும் என்று பாஸ்டரும் சொல்லிவிட்டார். டிக்கெட் என் செலவு.

ஒரு சந்தேகம் கேட்டுச் சொல். எங்களுக்கு மாதாமாதம் இருப்பு அறிக்கை உண்டு. குறைவு தெரிந்தால் தெரிந்த அன்றே எழுதிவிட வேண்டும், மறுநாள் எழுதினாலே கேள்வி வரும். அந்தக் காலத்தில் எப்படி? குறைவை யார் எழுதினார்கள், யாருக்கு?

சுபினுக்கு மாமாவின் முத்தங்கள்.

உன் அண்ணன்,
கிருபைராஜ்


வெஸ்ட் வின்ட்சர்
16 பிப்ரவரி 2025

கர்த்தருக்குள் பிரியமான அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் நலம். மைனியை மாடிப்படி ஏறவிடாதீர்கள். உங்கள் கேள்வியைச் சுபினிடம் கேட்டேன். அவன் சொன்னதை எழுதுகிறேன்.

அப்போது எல்லாம் பிலடெல்பியாவில் வாங்கிச் சேர்த்து, வண்டியில் மலை தாண்டி பிட்ஸ்பர்க் வரை கொண்டுபோய், அங்கிருந்து படகில் ஒஹையோ நதி வழியே கோட்டைகளுக்கு அனுப்புவார்களாம். சிப்பாய்க்கு வருஷத்துக்கு நாலு ஜோடி காலணி என்று சட்டம். சட்டம் சீக்கிரம் போய்விடும், காலணி போகாது.

சுபின் படிக்கிற கடிதங்களில் ஒரு ஸ்டோர்கீப்பர் வருகிறான். நதியோரத்துச் சின்னக் கோட்டை. அவன் நாலு தடவை காலணி கேட்டு எழுதுகிறான், பதில் இல்லை. ஐந்தாவது மாதத்திலிருந்து அறிக்கையில் "காலணி இருப்பு போதுமானது" என்று எழுத ஆரம்பிக்கிறான். ஏழு மாதம் அதே வரி. பிறகு பிலடெல்பியாவிலிருந்து ஒருவர் பார்வையிட வருகிறார். பனியில் சிப்பாய்கள் கம்பளியைக் கிழித்துக் காலில் சுற்றிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள்.

அவன் எதையும் திருடவில்லை அண்ணா. விற்கவும் இல்லை. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் சுபின் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறான்: "ஐந்தாவது தடவை கேட்க வெட்கப்பட்டான். இல்லை என்று எழுதுவதை விட இருக்கிறது என்று எழுதுவது அவனுக்குச் சுலபமாக இருந்தது. குளிர் அவன் காலில் இல்லை."

ஏப்ரலில் அவனால் வர முடியாது. வேலை நெருக்கடி. பாஸ்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். ஜெபக் குறிப்பு அட்டையிலிருந்தும் அவன் பெயரை எடுத்துவிடலாமே, மற்றவர்களுக்கு எத்தனையோ தேவைகள் இருக்கும்.

அன்புத் தங்கை,
ஜெயகுமாரி


சான் அன்டோனியோ
19 பிப்ரவரி 2025

அம்மா,

நல்லா இருக்கேன். நீங்க எப்படி? அட்ரஸ் நீங்க சொன்ன மாதிரி எழுதியிருக்கேன்.

இங்க எல்லாரும் யார் யார் வராங்கன்னு லிஸ்ட் கொடுக்கணும். நான் உங்க பேரை எழுதிட்டேன். ஒரு பேர்தான் எழுதினேன். பக்கத்து பெட் பையனுக்குப் பன்னிரண்டு பேர். நீங்க தனியா ப்ளேன்ல வர்றதுக்குப் பயமா இருந்தா காப்பெல் மாமாகிட்ட சொல்லலாம், அவர் கூட வருவார். நான் எழுதல. நீங்க சொல்லாதன்னு சொன்னீங்க.

பச்சை சேலை வேண்டாம், இங்க எல்லாமே பச்சை. கண்டுபிடிக்க முடியாது.

சுபின்


வெஸ்ட் வின்ட்சர்
27 பிப்ரவரி 2025

அன்பு மகன் சுபினுக்கு,

அம்மா எழுதுவது. உன் சுகத்துக்காக ஜெபிக்கிறேன். இங்கே நாலு நாளாக எனக்குக் கடுமையான காய்ச்சல். டாக்டர் விமானத்தில் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். வருத்தப்படாதே. விழாவை நல்லபடி முடி.

உன் அம்மா


சான் அன்டோனியோ
9 மார்ச் 2025

அம்மா,

நல்லா இருக்கேன். காய்ச்சல் விட்டுதா? ரசம் வச்சுக் குடிங்க.

க்ராஜுவேஷன் நல்லா நடந்துச்சு. வெயில் இல்ல. அன்னிக்கு சாயந்திரம் போனைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. இனிமே சாயந்திரம் பேசலாம். ஆனா போன்ல நீங்க சாப்பிட்டியான்னு கேட்பீங்க, நான் சாப்பிட்டேன்னு சொல்வேன். அதனால அப்பப்ப எழுதறேன்.

திங்கள்கிழமை சப்ளை ஸ்கூல் ஆரம்பம். உடம்பைப் பார்த்துக்கோங்க.

சுபின்


வெஸ்ட் வின்ட்சர்
16 மார்ச் 2025

கர்த்தருக்குள் பிரியமான அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். உங்களிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஜோவானாவுக்குப் போன் செய்தேன். எல்லோரும் சுகம் என்றாள், குரல் மட்டும் ஏதோ போல் இருந்தது.

சுபின் ஒரு அத்தியாயம் முடித்துவிட்டான். அவனுடைய பேராசிரியர் ரொம்பப் பாராட்டினாராம்.

பதில் எழுதுங்கள்.

அன்புத் தங்கை,
ஜெயகுமாரி


காப்பெல்
22 ஏப்ரல் 2025

அன்புத் தங்கை ஜெயாவுக்கு,

அண்ணன் எழுதுவது. எல்லோரும் சுகம். மூன்று தடவை எழுத உட்கார்ந்தேன், மூன்று தடவையும் கோபம் வந்து கிழித்துப் போட்டேன். இப்போது கோபம் இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டுப் பாலசுப்ரமணியனை உனக்குத் தெரியாது. கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனிதர். அவர் மகன் ஷ்ரேயஸ் ஏர்ஃபோர்ஸில் சேர்ந்திருக்கிறான். தெருவுக்கே ஸ்வீட் கொடுத்துச் சொன்னார். மார்ச் 6 விழாவுக்கு இரண்டு வேன் பிடித்து, சம்பந்தி வீடு உட்படப் பதினான்கு பேர் போனார்கள். பேனர் வேறு.

திரும்பி வந்து என்னிடம் சொன்னார். காது மிஷினை மாட்டிக்கொண்டுதான் கேட்டேன்.

"எங்க பையனைத் தொட்டுக் கட்டிப் புடிச்சு, போட்டோ எல்லாம் எடுத்தாச்சுங்க சார். மைதானமே காலி ஆயிட்டு வருது. ஒரு தம்பி மட்டும் நின்னுட்டே இருக்கறான். நம்ம ஊர் முகம். முக்கால் மணி நேரம் இருக்குங்க. கண்ல தண்ணி வடியுது, தொடைக்கக் கை எடுக்கல. என்னால பாக்க முடியல. போய்த் தோளைத் தொட்டேன்."

உன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லையா தம்பி என்று இவர் கேட்டாராம். அவன் சொன்னானாம்: "அம்மாவுக்குக் காய்ச்சல், அங்கிள். இல்லன்னா கண்டிப்பா வந்திருப்பாங்க."

அவனைத் தங்களோடு உட்கார வைத்துத் தயிர்சாதம் கொடுத்திருக்கிறார்கள். போட்டோவைக் காட்டினார். நெஞ்சில் தேவசகாயம் என்று பெயர் தைத்திருந்தது. என் மைத்துனர் பெயர். என்னுடைய மருமகன். நாலரை மணி நேரக் கார் தூரத்தில் நான் இங்கே உட்கார்ந்து, இல்லாத ஆராய்ச்சிக்காக நாற்பது குடும்பத்தை ஜெபிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

ஜெயா, இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன் கல்யாணத்தன்று கோயில் வாசலில் உன் மாமனார் என் கையைப் பிடித்து, "தம்பிக்கு எந்த ரெஜிமென்ட், மேஜரா கேப்டனா" என்று கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். கேப்டன் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்தவரை உன் வீட்டில் ஒரு இரவு கூட நான் தங்கவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று நினைத்திருப்பாய். லீவு இருந்தது. மேஜை முன் உட்கார்ந்து மறுபடி கேப்டனாக இருக்க என்னால் முடியவில்லை.

அன்று நீ என்னைப் பார்த்து வெட்கப்பட்டதை நான் தாங்கிக்கொண்டேன், நான் பெரியவன். அந்தப் பிள்ளை மைதானத்தில் நின்றான்.

போன ஞாயிறு சபையில் எழுந்து நின்று, என் மருமகன் ஆராய்ச்சி மாணவன் இல்லை, ஏர்ஃபோர்ஸ் ஸ்டோர்ஸில் இருக்கிறான், நான் செய்த வேலையைச் செய்கிறான் என்று சொன்னேன். இந்த ஊர் அட்டையை மாற்றியாயிற்று. உன் ஊர் அட்டையை நீதான் மாற்ற வேண்டும்.

என்றும் உன் அண்ணன்,
கிருபைராஜ்


வெஸ்ட் வின்ட்சர்
29 ஏப்ரல் 2025

அன்பு மகன் சுபினுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்கவே இன்றைக்குக் கை கூசுகிறது.

நேற்றும் போனில் பேசினோம், நேற்றும் நான் சொல்லவில்லை. எழுதினால்தான் எனக்கு வரும். மார்ச் 6 அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை. அதற்கு முந்தைய வாரமும் இல்லை. எந்த டாக்டரிடமும் நான் போகவில்லை. மறுநாள் உலக ஜெப தினம். அதற்காக 6ஆம் தேதி காலை நம் வீட்டில் பதினெட்டு பெண்கள் கூடிப் பாட்டுப் பயிற்சி செய்தோம். நான் கேசரி கிண்டினேன். டெக்சாஸ் நேரம் எத்தனை என்று அடுப்புக் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். இப்போது நிற்பான் என்று தெரிந்தது. தெரிந்தும் கிண்டினேன். மாமா எழுதும்வரை யாரோ ஒரு நண்பனின் அம்மா தொட்டிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் நோட்டுகளை எல்லாம் எடுத்துப் படித்தேன், மாமாவுக்குப் பொய் சொல்வதற்காக. அந்த ஸ்டோர்கீப்பரைப் பற்றி என் கையாலேயே எழுதி அனுப்பினேன். எழுதும்போது கூட அது யாரோ என்றுதான் நினைத்தேன்.

ஞாயிறு சர்ச்சில் சாட்சி நேரத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். எல்லோரும் கட்டிப்பிடித்துப் பாராட்டினார்கள் என்று எழுத ஆசை, அப்படி நடக்கவில்லை. இரண்டு பேர் கையைப் பிடித்தார்கள். ஒருத்தி, "ஏன் சிஸ்டர், படிப்பு வரலையா தம்பிக்கு?" என்று கேட்டாள். நான் எதைக் கேட்கக் கூடாது என்று இத்தனை பொய் சொன்னேனோ அதே கேள்வி. முகம் சுட்டது. படிப்பு வருகிறது, அதை விட்டுத்தான் இந்த வேலைக்குப் போனான் என்றேன். வெட்கம் போய்விட்டது என்று உனக்கு எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். ஆனால் இப்போது உன்னால் வெட்கம் இல்லை. என்னால்தான்.

மன்னிப்பு கேட்கிறேன் மகனே. பதில் எழுதாவிட்டாலும் சரி.

அம்மா


சான் அன்டோனியோ
8 மே 2025

அம்மா,

நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருப்பீங்கன்னு நம்பறேன்.

எனக்குத் தெரியும் அம்மா. மார்ச் 6 சாயந்திரம் போன் கையில வந்ததும் முதல்ல உங்களுக்குக் காய்ச்சல் எப்படி இருக்குன்னு மெசேஜ் பண்ணலாம்னு திறந்தேன். சர்ச் பேஜ்ல நம்ம கிச்சன் போட்டோ இருந்துச்சு. நீங்க கரண்டியோட சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. கொஞ்ச நேரம் பார்த்தேன். உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லன்னு முதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அப்புறம் இல்ல.

ஞாயித்துக்கிழமை லெட்டர்ல காய்ச்சல் விட்டுதான்னு கேட்டேன். தெரிஞ்சேதான் கேட்டேன். நீங்களா சொல்வீங்கன்னு ஏழு வாரம் வெயிட் பண்ணேன்.

மாமா போன சனிக்கிழமை வந்தார். ஜோவானா அக்கா டிரைவ் பண்ணாங்க. கேட்ல ஐடி பார்க்கற ஆள்கிட்ட "நானும் ஸ்டோர்ஸ்"னு சொன்னார். அந்த ஆளுக்குப் புரியல. எங்க ட்ரெய்னிங் கிடங்கை வெளியில இருந்து காட்டினேன். ரொம்ப நேரம் நின்னார்.

சப்ளை ஸ்கூல் இந்த மாசம் 22 முடியுது. சின்ன விழாதான், அரை மணி நேரம். அதுக்கப்புறம் எங்க அனுப்புவாங்கன்னு தெரியல, வெளிநாடா கூட இருக்கலாம்.

வரணும்னு தோணினா வாங்க. இன்னும் கஷ்டமா இருந்தா வராதீங்க, நான் புரிஞ்சுக்கறேன். ஆனா வரலன்னா வரலன்னு மட்டும் எழுதுங்க அம்மா. காய்ச்சல்னு எழுதாதீங்க.

சுபின்